எட்டு மாப்பிள்ளைமார் போட்ட கையெழுத்து

"அத நான் கேக்கல்ல. துரை கேட்டவுடன நீங்க என்ன சொன்னீங்க? அதச் சொல்லுங்க."

"எல்லாரும் சொன்னதத்தான் நானும் சொன்னன்."

"எல்லாரும் என்ன சொன்னாங்க?"

"இஞ்ச, அந்தக் கயிற ஒள்ளம் இழுத்துப் பிடி புள்ள. வள்ளம் கிறுகுது."

"வள்ளம் கிறுகட்டும். நீங்க கதையக் கிறுக்காதீங்க."

ஸைனம்பு கயிற்றைத் தொடவே இல்லை. வள்ளம் தன் பாட்டுக்குத் திரும்பியது. முதுகில் இருந்த வெயில் அவள் முகத்துக்கு வந்தது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கணவனைப் பார்த்தபடியே இருந்தாள். உசனார் வள்ளத்தின் பின்பக்கத்தில் குந்தியிருந்து, அடியில் ஊறும் தண்ணீரைச் சிரட்டையால் அள்ளி அள்ளி வாவியில் ஊற்றினார். உள்ளே தண்ணீர் ஏறக்குறைய இல்லை. ஆனாலும் அள்ளினார்.

வள்ளத்துக்குக் குடிவந்து அன்றைக்கு நாலாவது நாள். முன்பக்கத்தில் தென்னோலைக் கிடுகுக் கூரைக்குக் கீழே மூத்த மகள் சித்தி நபீஸா, கலியாணத்துக்கென்று இழைத்து வைத்த பாயைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். இளையவள் ஸஹீதாவுக்கு ஒன்பது வயது. அவள் மட்டும் காலைத் தண்ணீரில் தொங்கப்போட்டுக்கொண்டு, இப்படியே பெருநாள் வரைக்கும் இருந்தால் என்ன என்பது போல முகம் வைத்திருந்தாள்.

காத்தான்குடியின் வாவிக் கரையில் வீடு பெண்ணுடையது. கதவு அவளுடையது, கிணறு அவளுடையது, கிணற்றடி வாழையும் அவளுடையது. ஆண் அங்கே மாப்பிள்ளையாக வருகிறான். தாடி நரைத்த பிறகும், பேரப்பிள்ளை மடியில் ஏறிய பிறகும், அவன் அந்த வீட்டு மாப்பிள்ளைதான். அதில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை. மீன் பொரித்தால் நடுத்துண்டு அவனுக்கு. அவனுடைய உம்மாவின் வீடு அவன் தங்கைமாருக்குப் போயிருக்கும். இது ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. ஆகவே யாரும் அதை எழுதி வைப்பதில்லை. ஸைனம்புவின் நிக்காஹ் அன்றைக்கு அவளுடைய வாப்பா பள்ளிவாசல் பெரியவர்கள் முன்னால், "இந்த வீடு என்ட மகளுக்கு" என்று சொன்னார். சொன்னது போதும். சொன்னவரும் கேட்டவர்களும் மவுத்தாகிவிட்டாலும், சொன்ன சொல் வீட்டுச் சுவர் மாதிரி நின்றது.

அப்படித்தான் ஸைனம்பு நினைத்திருந்தாள்.

சித்திரையில் ஜப்பான்காரன் வந்து குண்டு போட்டான். வைகாசியில் கரையோரம் பட்டாளத்துக்கு வேண்டும் என்று கடுதாசி வந்தது. ஒரு துரை, ஒரு கிளாக்கர், கூடவே ஊர்த்தலைவரான விதானையார். வேப்ப மரத்தின் கீழ் மேசை போட்டார்கள். கரையோரத்து எட்டு வீட்டிலிருந்தும் ஆண்களைக் கூப்பிட்டார்கள். பெண்கள் வேலிக்குள் நின்றார்கள். கிடுகு வேலியின் ஓட்டை வழியாகப் பார்த்தால் துரையின் சப்பாத்து தெரிந்தது, குரல் கேட்கவில்லை.

மேசையில் நடந்தது இதுதான். "இந்த வீட்டின் சொந்தக்காரன் யார்?" என்று துரை கேட்டான். முதல் வீட்டு மீராசாஹிப் நெஞ்சை நிமிர்த்தி, "நான்தான் துரை" என்றார். பட்டாளத்து வெள்ளைக்காரன், இடுப்பில் துவக்கு வேறு. அவனிடம் போய், நான் பெண்சாதி வீட்டில் இருக்கிறவன் என்று எந்த ஆண்பிள்ளை சொல்வான்? அவர் சொன்ன பிறகு இரண்டாவது ஆள் எப்படி வேறு மாதிரிச் சொல்வது? மூன்றாவது ஆள்? ஏழாவதாகப் போனவர் உசனார். எட்டு வீடு, எட்டுக் கையெழுத்து. அந்த எட்டுப் பேரில் ஒருவருக்கும் சொந்தமாக ஒரு கதவுப் பிணைச்சல்கூட இல்லை. யுத்தம் முடிந்ததும் வீடு சொந்தக்காரரிடம் திருப்பிக் கொடுக்கப்படும் என்று கடுதாசியில் எழுதியிருந்தது. ஸைனம்புவின் வீட்டைப் பற்றி உலகத்தில் எழுதப்பட்ட ஒரே எழுத்து அதுதான். அதில் உசனாரின் பெயர் இருந்தது.

மூன்று நாள் தவணை கொடுத்தார்கள். மற்ற ஏழு வீட்டுப் பெண்களும் உம்மாவின் தங்கை, சாச்சியின் மகள் என்று போய் ஒதுங்கினார்கள். ஸைனம்பு ஒற்றைப் பிள்ளை, அவள் உம்மாவும் அப்படியே. அவளுக்குப் போக ஒரு வாசல் இல்லை. உசனாரின் தங்கைமார் வீட்டுக்குப் போகலாம்தான். ஆனால் கட்டிக் கொடுத்த ஆண் பெண்சாதி பிள்ளைகளோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தான் என்றால், அந்தத் தங்கைமார் சோறு போடுவார்கள், ஊர் சிரிப்பைப் போடும். மிஞ்சியது வள்ளம். அது உசனாரின் வள்ளம். நெய்த சாரனும் கருவாடும் உப்பும் ஏற்றிக்கொண்டு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குப் போய் நெல்லோடு திரும்பும் வள்ளம். அதில் மூன்று பெண்களும் ஒரு அடுப்பும் ஏறின.

ஏறிய முதல் காலிலேயே ஸைனம்புவுக்குக் கோபம் வந்தது. விளிம்பில் மிதித்தாள். வள்ளம் அவளை மரியாதையில்லாமல் ஒரு பக்கம் சாய்த்தது. "நடுவில மிதி, நடுவில மிதி" என்றார் உசனார். இருபது வருசமாக அவள் வீட்டில் எங்கே செருப்பைக் கழற்றுவது, எந்தப் பாயில் இருப்பது என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இங்கே அவர் அவளுக்குக் காலை எங்கே வைப்பது என்று சொல்கிறார்.

பெட்டியில் மணல் நிரப்பி, அதில் மூன்று கல் வைத்துச் சமைத்தாள். கச்சான் காற்று ஒரு பக்கத்தால் அடுப்பை ஊதியது, மறுபக்கத்தால் அணைத்தது. முதல் நாள் சோறு மேலே வெந்து கீழே அரிசியாகக் கிடந்தது. ஒருவரும் ஒன்றும் சொல்லாமல் தின்றார்கள். அதுவும் அவளுக்குக் கோபம்தான். தொழுகை இன்னும் மோசம். மேற்கைப் பார்த்து நடுப்பகல் லுஹருக்குத் தக்பீர் கட்டினாள். ஒற்றைக் கயிற்றில் கிடந்த வள்ளம் காற்றுக்குத் திரும்ப, தொழுகை முடித்து ஸலாம் கொடுத்தபோது கடல் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தாள். திரும்பத் தொழுதாள். திரும்பவும் வள்ளம் அசைந்தது. "முன்னுக்கும் பின்னுக்கும் ரெண்டு கம்ப ஊண்டிக் கட்டினா அசையா" என்றார் உசனார்.

"முன்னமே சொன்னா என்ன?"

"நான் தனியப் போனா கரையில இறங்கித்தான் தொழுவன். ஆக்கள் வெச்சிக்கிட்டுத் தொழுறத நானும் இப்பதான் படிக்கன்."

அது உண்மை. அந்த உண்மையும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

நாலாம் நாள், அந்தக் கயிற்றுச் சண்டைக்குப் பிறகு, வெகுநேரம் கழித்து உசனார் சிரட்டையைக் கீழே வைத்தார். பிள்ளைகளுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"எனக்கு முன்னுக்கு ஆறு பேர் சொல்லிட்டாங்க எண்டது ஒண்டு. மற்றது… ஒருக்கா என்ட வாயால சொல்லிப் பார்ப்பம் எண்டு வந்திச்சி. என்ட வீடு எண்டு. அவ்வளவுதான்."

 சொல்லிப் பார்ப்பதற்கு அவருக்கு வேறு வீடு கிடைக்கவில்லையா என்று ஸைனம்பு கேட்க நினைத்தாள். வேறு வீடு அவருக்கு எங்கே இருந்தது? அதுவும் நினைவு வர, கோபம் போக வழியில்லாமல் நெஞ்சுக்குள்ளேயே நின்றது. எழும்பிப் போய் வள்ளம் தள்ளும் நீளக் கம்பை எடுத்தாள்.

"என்ன செய்யப் போற?"

"ஒங்கட வள்ளத்தில சாக்கு மூட்ட மாதிரி ஏறி இருக்க எனக்கேலாது."

கம்பை ஊன்றினாள். கம்பு சேற்றில் ஆழமாக இறங்கியது. வள்ளம் போனது, கம்பு வரவில்லை, ஸைனம்பு இரண்டையும் விடவில்லை. ஒரு கணம் வாவிக்கு மேலே காயப்போட்ட துணி போலத் தொங்கினாள். பிறகு முக்காட்டோடு தண்ணீருக்குள் இருந்தாள். தண்ணீர் இடுப்பளவுதான். ஸஹீதா விழுந்து விழுந்து சிரித்தாள். நாலு நாளாக வாய் திறக்காத சித்தி நபீஸாவும் பாயில் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள்.

"கம்பு வராட்டிக் கம்ப விட்டுரு. வள்ளத்த விடாத" என்றார் உசனார், சிரிக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டுக்கொண்டு.

ஒரு மாதத்தில் அவள் விழாமல் தள்ளினாள். கம்பை ஊன்றுவதைவிடத் திருகி எடுப்பதுதான் வேலை என்று கை கண்டுகொண்டது. எந்த இடத்தில் சேறு, எந்த இடத்தில் மணல் என்று கம்பின் நுனியிலேயே தெரிந்தது. கண்டல் மரத்தின் பக்கம் மீன் துள்ளினால் அங்கே ஆழம் இருக்கிறது என்று ஸஹீதா சொன்னாள். அவள் சொன்னது சரியாக இருந்தது. வெல்லாவெளி வயல் வட்டைகளிலிருந்து நெல் வரும் துறைக்கு நாலு பேருமாகப் போனார்கள். குடிதண்ணீருக்கு எந்தக் கிணறு, யார் வளவில் இறங்கிக் குளிக்கலாம், வாடை மாறினால் எந்தக் குடாவில் ஒதுங்குவது எல்லாம் பழகிப்போயிற்று. பழகியது அவளுக்குச் சந்தோசம் தரவில்லை. வீட்டை எடுத்தவன், இவர்கள் எங்கேயும் இருந்துகொள்வார்கள் என்றுதானே நினைத்திருப்பான்? அது சரியாகிவிட்டதே என்று எரிந்தாள்.

படுவான்கரைத் துறையில் அன்னப்பூரணி என்று ஒரு வயல்காரி, வருசக் கணக்காக உசனாரிடம் சாரன் வாங்குகிறவள். வள்ளத்தில் அடுப்புப் புகைவதைக் கண்டதும் இடுப்பில் கை வைத்தாள்.

"என்ன கா இது, கோழிக்கூட்டோட குடிவந்திரிக்கா?"

ஸைனம்பு கதையைச் சொன்னாள். மரத்தடி மேசை, துரை, எட்டுக் கையெழுத்து. அன்னப்பூரணி கேட்டுக்கொண்டே வந்தவள், கடைசியில் நெல்லளக்கும் மரைக்காலைத் தரையில் குத்தினாள்.

"எங்கட ஊரிலயும் வீடு பொம்புளைக்குத்தான். என்ட ஆள் இப்பிடி ஒரு கையெழுத்து வெச்சிட்டு வந்தாரெண்டா, வெச்ச கைக்குச் சோறு போடமாட்டன். மற்றக் கையால திண்டுக்கட்டும்."

உசனார் கேட்காதவர் போல நெல் மூட்டையை அணைத்துத் தூக்கினார். அன்னப்பூரணி அவர் காதுக்குக் கேட்கவே இன்னும் சத்தமாகச் சொன்னாள்: "பாவம், நல்ல மனிசன். நல்ல மனிசன்மாருதான் இந்த வேலையச் செய்யிறவங்க."

ஆனால் இதெல்லாம் சிரிப்போடு போகிற காரியம் இல்லை என்பது ஆயிஷா உம்மா வந்த அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆயிஷா உம்மா ஏறாவூர்க்காரி. அவளுடைய மகன் மஜீட்டுக்குத்தான் சித்தி நபீஸாவைப் பேசி வைத்திருந்தது. கரையில் வண்டியை விட்டு இறங்கினாள். வள்ளத்தைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், காயப்போட்ட துணியைப் பார்த்தாள். ஸைனம்பு பலகை போட்டு, கை கொடுத்து ஏற்றினாள். "நடுவில மிதிங்க மச்சி" என்றாள். ஆயிஷா உம்மா விளிம்பில்தான் மிதித்தாள். பிறகு இரண்டு கையாலும் கூரைக் கம்பைப் பிடித்தபடி, விடாமலே கதைத்தாள்.

"எங்களுக்குப் புள்ளையில ஒரு குறையும் இல்ல. அல்லாஹ்வுக்காகச் சொல்றன். ஆனா மச்சி, மாப்பிள்ளைய எங்க கூட்டிவந்து விடுற? இதுக்குள்ளயா? எங்கிட பொடியனுக்கு ஆறடி உயரம். கூரை முட்டும்."

"சண்டை எண்டா ஒரு நாளைக்கு முடியும்தானே. முடிஞ்ச உடன வீடு வரும். வீடு அவளுக்குத்தான்."

"அதத்தான் கேட்டுப்போக வந்தன்." ஆயிஷா உம்மா குரலைத் தாழ்த்தினாள். "கடுதாசியில வாப்பாட பேர்தான் கிடக்காம். அப்ப கதை வேற. வாப்பாட வீடெண்டா வாப்பாட கூடப்பிறந்த காக்காமாருக்கும் அதில பங்கு வரும், நாளைக்கு ஒரு ஹயாத்து மவுத்து எண்டா. அவருக்கு ரெண்டு காக்காமார் இரிக்காங்க. நான் விசாரிச்சன்."

"அது என்ட உம்மா வாப்பா எனக்குத் தந்த வீடு. ஊருக்கே தெரியும்."

"ஊருக்குத் தெரியும். பட்டாளத்துக்குத் தெரியுமா? வீட்டத் திருப்பித் தாறது ஊரா, பட்டாளமா?"

 இவ்வளவு அநியாயமான கேள்வி இவ்வளவு நியாயமாக இருக்கிறதே என்று ஸைனம்பு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நோன்பு பிறக்க முந்தி, வீடு பொம்புளப் பக்கத்துக்குத்தான் எண்டு அந்தக் கடுதாசியில எழுதி வந்தா, மச்சி, நானே அரிசி கொண்டு வாறன். வராட்டி எனக்கும் ஒரு பொடியன்தான். மனசில வெச்சிக்காதீங்க."

அவள் இறங்கும்போதும் விளிம்பில்தான் மிதித்தாள்.

வண்டி போன பிறகு சித்தி நபீஸா பாயை எடுத்து, அவிழ்த்து, திரும்பவும் இறுக்கிச் சுருட்டினாள். "உம்மா, இத நனையாத இடத்தில வைக்கட்டா?" என்று மட்டும் கேட்டாள். வள்ளத்தில் நனையாத இடம் எது? ஸைனம்பு அவள் கையிலிருந்து பாயை வாங்கித் தன் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மறுநாள் காலை, பாங்கு சொல்லி வெயில் ஏறியதும், ஸைனம்பு கம்பை எடுத்தாள். எங்கே போகிறோம் என்று உசனார் கேட்கவில்லை. வள்ளம் வடக்கே, வீட்டுப் பக்கம் திரும்பியதும் அவருக்கு விளங்கிவிட்டது. முன்பக்கத்தில் போய் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தார். வழியெல்லாம் கம்பு தண்ணீருக்குள் இறங்குவதும் திருகி ஏறுவதும்தான் கேட்டது.

இரண்டரை மாதத்துக்குப் பிறகு தன் வீட்டைத் தண்ணீரிலிருந்து பார்த்தாள். கிடுகு வேலி இல்லை. வேலி இல்லாமல் வீடு குளித்துவிட்டு நிற்கிற ஆள் மாதிரி இருந்தது. கிணற்றடி வாழை முழுக்க வெட்டுப்பட்டு, அந்த இடத்தில் எண்ணெய்ப் பீப்பாய்கள் வரிசையாக நின்றன. அவள் தொழுகைக்கு ஒளு எடுக்கும் கல்லின் மேல் ஒரு பட்டாளக்காரன் சப்பாத்தை வைத்துத் துடைத்துக்கொண்டு இருந்தான். கதவைக் கழற்றி நாலு கல்லின் மேல் வைத்து மேசையாக்கியிருந்தார்கள். அந்தக் கதவுக்குப் பின்னால்தான் துரை இருந்தான். சின்ன வயசுக்காரன். வெயிலில் வெந்து சிவந்த முகம்.

பீப்பாய் நிழலில் மீராசாஹிப் இளநீர்க் குலையோடு குந்தியிருந்தார். பட்டாளத்துக்குத் தினமும் இளநீர் கொண்டு வருகிறவர் அவர். உசனாரைக் கண்டதும் எழும்பினார். ஸைனம்புவைக் கண்டதும் திரும்பவும் குந்தினார்.

கிளாக்கர் ஓடி வந்தார். வினாயகமூர்த்தி என்று பெயர், பட்டணத்துப் பிள்ளை, மரியாதையான பேச்சு. "என்ன உம்மா? இஞ்ச ஆக்கள் வரப்படாது."

"தம்பி, இது என்ட வீடு. நான் வரப்படாதெண்டு சொல்ற ஆள் ஆரெண்டு பார்க்கத்தான் வந்தன்."

வாழ்நாளில் அந்நிய ஆண்பிள்ளையோடு அவள் இத்தனை சொல் பேசியதில்லை.  ஆனாலும் நிற்கவில்லை. வீடு வந்த வழியை, வாப்பா பள்ளிவாசலில் சொன்னதை, சித்தி நபீஸாவின் கலியாணத்தை, எட்டு ஆண்களும் பொய் சொன்னதை, எல்லாவற்றையும் கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். துரையைப் பார்க்கவில்லை. கதவில் அவள் வருசா வருசம் ஆணியால் கீறி வைத்த பிள்ளைகளின் உயரக் கோடுகள் கிடந்தன. அதன் மேல் மைக்கூடு வைத்திருந்தார்கள்.

வினாயகமூர்த்தி இங்கிலீசில் சொன்னார். துரை இடையில் இரண்டு தரம் கேள்வி கேட்டான். ஒரு தரம் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை, ஆச்சரியப்பட்ட சிரிப்பு. அது அவளுக்கு அடி வாங்கியதைவிட எரிச்சலாக இருந்தது. ஊர் முழுக்க இருக்கிற நடப்பு இவனுக்கு வேடிக்கைக் கதையா? தலைகீழாக நிற்பது அவள் ஊரா, அவனுடைய கடுதாசியா?

துரை ஒரு பெட்டியைத் திறந்து கட்டிலிருந்து ஒரு கடுதாசியை உருவினான். கிளாக்கர் திரும்பினார்.

"உம்மா, துரை நல்ல ஆள். கடுதாசி இஞ்சதான் இரிக்கு. ஆனா சொந்தக்காரன் எண்டு கையெழுத்து வெச்சது உங்கட புருசன். நீங்க சொல்லி மாத்த ஏலாதாம். வெச்சவரே தன்ட வாயால, இது என்ட வீடில்ல, பெண்சாதிட வீடு எண்டு துரைக்குச் சொல்லோணும். சொன்னா இப்பவே வெட்டி உங்கட பேர எழுதுறாராம். துரைக்கு இண்டைக்குப் பின்னேரம் திருகோணமலைக்கு மாற்றம். புதுசா வாற ஆள் எப்பிடியோ தெரியா."

எல்லாரும் உசனாரைப் பார்த்தார்கள். அவர் வள்ளத்திலிருந்து இறங்கி, முழங்கால் தண்ணீரில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். கட்ட மரம் ஒன்றும் இல்லாதவர் போலக் கையிலேயே பிடித்திருந்தார். பீப்பாய்ப் பக்கமிருந்து மீராசாஹிப், துரைக்குத் தமிழ் விளங்காது என்ற தைரியத்தில், மெல்லச் சொன்னார்: "உசனார், யோசிச்சிச் சொல்லு. நீ ஒரு ஆள் சொன்னா நாங்க எட்டுப் பேரும் பொய்யன்மார். பட்டாளத்துக்குப் பொய் சொன்னா மறியல்ல அடைப்பாங்க."

"மற்ற ஏழு பேருக்கும் பெண்சாதிமார் இரிக்காங்க" என்றாள் ஸைனம்பு, அவரைப் பார்க்காமலே. "அவங்களும் வருவாங்க."

கூரைக்குக் கீழே சித்தி நபீஸாவின் கை மட்டும் தெரிந்தது, கம்பைப் பிடித்தபடி. துரை பேனையின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

ஸைனம்பு தண்ணீர் ஓரத்துக்கு இறங்கி வந்தாள். சேலை நனைந்தது. இவ்வளவு நேரமும் உரத்து நின்ற குரல் இப்போது, வீட்டுக்குள்ளே சோறு வைத்துவிட்டுக் கூப்பிடுகிற குரலாக இருந்தது.

"இஞ்சேருங்க. இருவது வருசமா நான் ஒங்கள மாப்பிள்ளயாத்தான் வெச்சிருந்தன். எவ்வளவோ சண்டை பிடிச்சிரிக்கன். ஆனா இது என்ட வீடெண்டு ஒரு நாளும் ஒங்களுக்குச் சொல்லிக் காட்டல்ல. காட்டினனா? இண்டைக்கு அத நீங்க சொல்லுங்க. எனக்கில்ல, எனக்குத் தெரியும். அந்தத் துரைக்குச் சொல்லுங்க."